கழுத்து நிற்காத பிள்ளையைக் கட்டித் தூக்கலாமா?

வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற செவிலியரின் பதில்கள்

சென்ற இதழில் ஒரு வாசகிக்கு, தூளிக் கயிற்றை மின்விசிறிக் கொக்கியில் கட்ட வேண்டாம் என்று எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பாதி தூளியைப் பற்றியவை அல்ல. பிள்ளையை நம் உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொள்ளும் கேரியர், ஸ்லிங், ராப் ஆகியவற்றைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள். 31 ஆண்டுகள் அரசு மருத்துவமனையில் வேலை பார்த்தவள் நான். அதில் 19 ஆண்டுகள் பச்சிளம் குழந்தைகள் பிரிவில். பிள்ளையை மார்போடு கட்டக் கற்றுக்கொடுத்ததுதான் அங்கே நான் மனநிறைவோடு செய்த வேலை. அதனால் இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் இதற்கே எடுத்துக்கொள்கிறேன்.

என் மகளுக்கு 22 நாள் ஆகிறது. பிறந்தபோது 2.6 கிலோ, இப்போது 2.9. தோழிகள் சேர்ந்து பக்கிள் வைத்த விலையுயர்ந்த கேரியர் ஒன்றைப் பரிசளித்தார்கள். அதில் வைத்தால் குழந்தை உள்ளே புதைந்துபோகிறாள். கால்கள் இரண்டும் பக்கவாட்டில் விறைத்து நிற்கின்றன. கழுத்து நிற்காத பிள்ளையை இதில் போட்டால் உரம் விழும், அதாவது கழுத்தோ முதுகோ சுளுக்கிக்கொள்ளும் என்கிறார் மாமியார். திருப்பிக் கொடுத்துவிடவா? வேறு எதை வாங்குவது?
– வாசகி, ஈரோடு

மகளே, திருப்பிக் கொடுக்க வேண்டாம். மடித்து பீரோவில் வையுங்கள். மூன்று நான்கு மாதத்தில் தேவைப்படும். பெட்டியின் பக்கவாட்டில் சிறிய எழுத்தில் இருப்பதைப் படித்துப் பாருங்கள். பக்கிள் கேரியர்கள் பலவற்றில் குறைந்தபட்ச எடை 3.2 கிலோ அல்லது 3.5 கிலோ என்று போட்டிருக்கும். நம் ஊரில் நிறைமாதத்தில் பிறக்கும் பிள்ளைகளில் மிகப் பலர் இரண்டரைக்கும் மூன்றுக்கும் இடையில்தான் இருக்கிறார்கள். முகப்பில் பெரிதாக எழுதிய ‘நியூபார்ன்’ என்ற சொல்லை விட்டுவிட்டு எடையைப் பார்த்து முடிவெடுங்கள். எடை எட்டிய பிறகும் இருக்கைத் துணி ஒரு முழங்கால் மடிப்பிலிருந்து மறு முழங்கால் மடிப்பு வரைதான் இருக்க வேண்டும். அதைவிட அகலமாக இருந்தால் நீங்கள் சொல்வதுபோலக் கால் விறைக்கும்.

உங்கள் மாமியார் சொல்வதில் பாதி சரி. கழுத்து நிற்கவில்லை என்பதுதான் இங்கே முதல் கவலை. ஆனால் பயம் உரத்துக்காக அல்ல, மூச்சுக்காக. உங்கள் மோவாயை நெஞ்சில் அழுத்திக்கொண்டு நான்கு முறை மூச்சு விட்டுப் பாருங்கள், புரியும். பச்சைப் பிள்ளையின் மூச்சுக்குழல் மெல்லியது. தலை முன்னே கவிழ்ந்து மோவாய் நெஞ்சில் படிந்தால் மடங்கிக்கொள்ளும். பிள்ளைக்குத் தலையைத் தானே நிமிர்த்தத் தெரியாது. மூச்சு குறையும்போது அழவும் முடியாது. சத்தமே வராது என்பதுதான் இதில் கொடுமை.

ஒரு கல்யாண மண்டபத்தில் நான் கண்ணால் பார்த்தது இது. உறவுக்காரப் பெண் ஒருத்தி ஒன்றரை மாதப் பிள்ளையைப் பை போன்ற ஸ்லிங்கில் இடுப்புக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருந்தாள். பிள்ளை நன்றாகத் தூங்குகிறது என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். நான் துணியை விலக்கிப் பார்த்தேன். உடம்பு இரண்டாக மடிந்து, மோவாய் நெஞ்சில் அழுந்தி, உதட்டின் நிறம் மங்கியிருந்தது. வெளியே எடுத்துக் கழுத்தை நேராக்கி உள்ளங்காலைத் தேய்த்ததும் வீறிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்டபின்தான் எனக்கு மூச்சு வந்தது. அந்தப் பெண் கவனமில்லாதவள் அல்ல. கடையில் விற்றதை நம்பி வாங்கியவள். அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2010 மார்ச் மாதம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. 20 ஆண்டுகளில் குறைந்தது 14 குழந்தைகளின் சாவு ஸ்லிங்குகளோடு தொடர்புடையது என்றும், அவர்களில் 12 பேர் நான்கு மாதம் நிரம்பாதவர்கள் என்றும் அதில் சொல்லியிருந்தார்கள்.

நம் பெண்களுக்கு இந்தப் பை ஸ்லிங் உடனே பிடித்துப்போவதற்குக் காரணம் அது தூளி போலத் தெரிவதுதான். தூளியிலேயே பிள்ளையின் மோவாய் மடியாமல் கண் வைத்திருக்க வேண்டும். அதைச் சிறிதாக்கி நம் வயிற்றுக்கு முன்னால் தொங்கவிட்டால் முதுகு வளைந்து, முகம் துணிக்குள்ளோ நம் வயிற்றுக்குள்ளோ போய்விடும். ஆகவே, பிறந்த பிள்ளையை உடம்பில் கட்டும்போது படுக்க வைக்காதீர்கள், நிமிர்த்தி வையுங்கள். பால் குடித்ததும் ஏப்பம் வருவதற்காக மார்பில் சாய்த்துக்கொள்கிறோமே, அதே நிலை. துணி செய்ய வேண்டியது உங்கள் இரண்டு கைகளின் வேலையை மட்டும்தான்.

இப்போது எதை வாங்குவது? உங்கள் மகளின் எடைக்கு மூன்று வழிகள் உண்டு. ஒன்று, சுமார் ஐந்து மீட்டர் நீளத்தில் பனியன் துணி போல இழுபடும் ராப். கட்டிக்கொண்டு அப்புறம் பிள்ளையை உள்ளே இறக்கலாம். பழகுவது எளிது, பச்சைப் பிள்ளைக்கு மிகப் பதமாக இருக்கும். ஆனால் மூன்று அடுக்குத் துணி, வெக்கை அதிகம். இரண்டு, இழுபடாத நெய்த துணி. கட்டப் பழக ஒரு வாரம் ஆகும். மூன்று, ரிங் ஸ்லிங். சுமார் இரண்டு மீட்டர் துணியின் ஒரு முனையில் இரண்டு வளையங்கள் இருக்கும். துணியை வளையத்தில் கோத்து இழுத்தால் இறுகும். ஒரே அடுக்கு, பால் கொடுக்க வசதி. எடை முழுதும் ஒரு தோளில் விழும், அதனால் வேளைக்கு வேளை தோளை மாற்ற வேண்டும். ஈரோட்டில் இருக்கிறீர்கள். ஏப்ரல் நெருங்குகிறது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் கைத்தறிப் பருத்தியில் ரிங் ஸ்லிங்தான் எடுப்பேன்.

கட்டிய பிறகு கண்ணாடி முன் நின்று பாருங்கள். குனியாமலே பிள்ளையின் முகம் தெரிய வேண்டும். தலையைச் சற்றுத் தாழ்த்தினால் உச்சியில் முத்தம் கொடுக்க எட்ட வேண்டும். எட்டாவிட்டால் பிள்ளை கீழே தொங்குகிறது என்று பொருள். மோவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவில் உங்கள் விரல் ஒன்றாவது நுழைய வேண்டும். முதுகில் உள்ளங்கையை வைத்து மெல்ல அழுத்துங்கள். பிள்ளை நிமிர்ந்து உங்களை நெருங்கி வந்தால் கட்டு தளர்வு, இறுக்குங்கள். தளர்வாகக் கட்டினால் பிள்ளைக்குச் சுகம் என்று நினைப்பதுதான் எல்லோரும் செய்யும் பிழை. தளர்ந்த துணியில்தான் பிள்ளை சரியும்.

உரம் என்ற பேச்சு வந்ததால் ஒன்று சொல்லிவிடுகிறேன். யாராவது உரம் எடுக்கிறேன் என்று பிள்ளையைப் புடவையில் போட்டு உருட்ட வந்தால், வயதில் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் பிள்ளையைக் கையில் கொடுக்காதீர்கள்.

கேரியர், ராப் எல்லாம் ஆயிரக்கணக்கில் விலை சொல்கிறார்கள். என்னிடம் நல்ல நூல் புடவைகள் இருக்கின்றன. அதையே கட்டிக்கொள்ளக் கூடாதா? வேலூர் வெயிலில் பிள்ளைக்கு வேர்க்குரு வந்துவிடாதா?
– வாசகி, வேலூர்

தாராளமாகக் கட்டலாம். புடவை ஐந்தரை மீட்டர் வருகிறது. முன்பக்கம் குறுக்கே கட்டும் முறைக்கு அது போதும். எட்டு முழ வேட்டி மூன்றரை மீட்டர் சொச்சம்தான். பெரும்பாலோருக்கு முடிச்சுக்கு மிச்சம் இராது.

எல்லாப் புடவையும் ஆகாது. பட்டு, நைலான், ஜார்ஜெட் வழுக்கும். ஜரிகைக் கரை பிள்ளையின் கன்னத்தைக் கீறும். புதுப் புடவையின் கஞ்சி போக நான்கு முறை அலசுங்கள். பழம்புடவை மெத்தென்று இருக்கும் என்றாலும் முதலில் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே விரித்துப் பிடியுங்கள். இழை விலகி வெளிச்சம் கசியும் இடம் இருந்தால் அது தலையணை உறைக்குத்தான் ஆகும். கையால் இரு பக்கமும் பிடித்து வெடுக்கென்று இழுத்தும் பார்த்துவிடுங்கள்.

கட்டும் முறையைச் சொல்கிறேன். புடவையின் அகலத்தை இரண்டு முழங்கை அளவில் இருந்து ஒன்றரைக்குக் கொண்டுவர ஓரத்தை மடித்துக்கொள்ளுங்கள். நீளத்தின் நடுப்பகுதியை உங்கள் நெஞ்சில் வைத்து, இரண்டு முனைகளையும் அக்குள் வழியாக முதுகுக்குக் கொண்டுபோய், அங்கே குறுக்கே மாற்றி, எதிர்த் தோள்களின் மேலாக முன்னால் தொங்கவிடுங்கள். இப்போது நெஞ்சுக்கு முன்னால் ஒரு மடிப்பை உண்டாக்கி, பிள்ளையைத் தோளில் சாய்த்து மெல்ல அதற்குள் இறக்குங்கள். தவளை உட்கார்ந்திருப்பது போல முழங்கால் உயர்ந்து, புட்டம் தாழ்ந்து இருக்கட்டும். துணியின் கீழ் ஓரம் பிள்ளையின் புட்டத்துக்கு அடியில் புகுந்து உங்களுக்கும் பிள்ளைக்கும் நடுவில் வர வேண்டும். மேல் ஓரம் பிடரி வரை. ஒரு கை பிள்ளையை விட்டு விலகவே கூடாது. மறு கையால் தோளில் தொங்கும் துணியை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துத் தளர்வை வெளியே கொண்டு வாருங்கள். இந்த இறுக்குதலுக்கு அவசரப்படாதீர்கள். கட்டின் உயிர் அதில்தான் இருக்கிறது. பிறகு இரு முனைகளையும் பிள்ளையின் புட்டத்துக்குக் கீழே குறுக்கே மாற்றி, தொடைகளுக்கு அடியில் கொண்டுபோய், உங்கள் இடுப்புக்குப் பின்னால் இரட்டை முடிச்சு போடுங்கள்.

இதைப் படித்த கையோடு பிள்ளையை வைத்துக் கட்டிவிடாதீர்கள். மூன்று கிலோ அரிசியைத் துணிப்பையில் கட்டி, அதை வைத்து ஒரு வாரம் பழகுங்கள். பிள்ளையோடு முதல் முறை கட்டும்போது கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு கட்டுங்கள்.

வெயிலைப் பற்றிக் கேட்டீர்கள். கட்டும் துணியையும் ஓர் உடுப்பாகக் கணக்கிட வேண்டும். வீட்டுக்குள் என்றால் பிள்ளைக்கு டயப்பரும் மெல்லிய மல் சட்டையும் போதும். தொப்பி, காலுறை வேண்டாம். உங்கள் வேர்வையும் பிள்ளையின் வேர்வையும் ஒன்றாகச் சேரும் என்பதால் நடுவில் மெல்லிய நூல் துண்டு ஒன்றைச் செருகலாம், முகத்திலிருந்து தள்ளி. கை கால் சில்லென்று இருப்பதை வைத்துக் குளிர் என்று முடிவு செய்யாதீர்கள். பிடரியைத் தொட்டுப் பாருங்கள். பிடரி சுட்டால், முகம் சிவந்தால், பிள்ளை துவண்டால் உடனே வெளியே எடுத்து உடுப்பைத் தளர்த்திப் பால் கொடுங்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பாலே தண்ணீரும்கூட. வெயில் என்று தனியாகத் தண்ணீர் கொடுக்க வேண்டாம். முற்பகல் பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை வேலூரில் யாரும் பிள்ளையைக் கட்டிக்கொண்டு வெளியே இறங்க வேண்டாம் என்பது என் கண்டிப்பான கருத்து. வெயிலுக்காக முகத்தின் மேல் துணியைப் போர்த்தி நடப்பவர்களைப் பார்க்கிறேன். குடை பிடியுங்கள், முகத்தை மூடாதீர்கள்.

எங்கள் மகன் பிறந்து 38 நாள். மாலை ஆறு மணிக்குத் தொடங்கினால் ஒன்பது வரை அழுகை. மனைவி சோர்ந்துவிட்டாள். நான் தூக்கிக்கொண்டு நடந்தால் நிறுத்துகிறான், கீழே போட்டால் மறுபடி அழுகிறான். ஆண்கள் இந்த ஸ்லிங் எல்லாம் கட்டலாமா? தூக்கித் தூக்கிக் கெட்ட பழக்கம் ஆகிவிடும் என்கிறாள் அக்கா.
– வாசகர், ஓசூர்

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மனைவி சோர்ந்துவிட்டாள் என்று தெரிந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு நடக்கிறீர்களே, அதுவே பெரிய உதவி.

ஆறு வார வாக்கில்தான் பிள்ளைகளின் அழுகை உச்சத்தில் இருக்கும். பிறகு மெல்ல இறங்கும். கெட்ட பழக்கம் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1986இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஓர் ஆய்வு செய்தார்கள். அழும்போது மட்டும் அல்லாமல், சாதாரண நேரத்திலும் கூடுதலாகத் தூக்கி வைத்திருந்த பிள்ளைகள் ஆறு வார வயதில் மற்றவர்களைவிட 43 சதவீதம் குறைவாக அழுதார்கள். மாலை நேரத்தில் பாதிக்குப் பாதி குறைந்தது. ஆகவே ஆறு மணி வரை காத்திருக்காதீர்கள். வேலையிலிருந்து வந்ததும் கை கால் கழுவி, சட்டையைக் கழற்றிவிட்டு, ஐந்து மணிக்கே கட்டிக்கொள்ளுங்கள்.

கீழே போட்டால் விழித்துக்கொள்வதற்கும் ஒரு வழி இருக்கிறது. 2022இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் சொன்னது இது: அழும் பிள்ளையைத் தூக்கி நிற்காமல் ஐந்து நிமிடம் நடக்க வேண்டும், தூங்கியதும் உடனே படுக்க வைக்காமல் ஐந்திலிருந்து எட்டு நிமிடம் மடியில் வைத்து உட்கார்ந்திருந்து, பிறகு படுக்க வைக்க வேண்டும். அந்த உட்காரும் நேரத்தைத்தான் நாம் எல்லோரும் தவறவிடுகிறோம்.

உங்களுக்கும் மனைவிக்கும் உடல்வாகு வேறு. பக்கிள் கேரியர் என்றால் ஒவ்வொரு முறையும் பட்டையை மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். நீளமான ராப் இருவருக்கும் பொருந்தும். முதுகு வலித்தால் பிள்ளையை இன்னும் மேலே, உங்கள் நெஞ்செலும்பு வரை ஏற்றிக் கட்டுங்கள். அடிவயிற்றில் தொங்கினால் மூன்று கிலோ பிள்ளையும் ஆறு கிலோவாகக் கனக்கும். நீங்கள் சோபாவில் சாய்ந்து கண்ணயரப் போகிறீர்கள் என்று தெரிந்தால் பிள்ளையை அவிழ்த்துத் தட்டையான படுக்கையில் மல்லாக்கப் போட்டுவிடுங்கள். கட்டிய பிள்ளையோடு தூங்கக் கூடாது. பால் குடிக்க மறுத்து அழுதாலோ, காய்ச்சல், பச்சை நிற வாந்தி இருந்தாலோ இந்தப் பேச்சே வேண்டாம். அன்றே மருத்துவரிடம் போங்கள்.

எட்டாம் மாதத்தில் பிறந்த மகள். 1.7 கிலோ இருக்கும்போது வீட்டுக்கு அனுப்பினார்கள். ‘கங்காரு முறையில் வைத்துக்கொள்ளுங்கள்’ என்று சொன்னார்கள். மருத்துவமனையில் அதற்கென்று கொடுத்த பை கிழிந்துவிட்டது. ஆன்லைனில் பார்த்த கேரியரை வாங்கி அதிலேயே வைக்கலாமா?
– வாசகி, தேனி

வாங்க வேண்டாம் அம்மா. இத்தனை சிறிய பிள்ளைக்குக் கடைக் கேரியர் எதுவும் பொருந்தாது. கங்காரு முறை என்பது பிள்ளையைச் சுமப்பது மட்டும் அல்ல, அது ஒரு சிகிச்சை.

1978இல் கொலம்பியா நாட்டின் போகோடா நகரில் எட்கர் ரே என்ற மருத்துவர் இதைத் தொடங்கினார். அங்கே இன்குபேட்டர் பற்றாக்குறை. ஒரே இன்குபேட்டரில் ஒன்றுக்கு மேற்பட்ட பிள்ளைகளை வைக்கும் நிலை, நோய்த்தொற்று. தாயின் மார்பையே இன்குபேட்டர் ஆக்கினார். ஏழை நாட்டு மருத்துவம் என்று நினைத்தவர்கள் உண்டு. 2021இல் இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வின் முடிவு வந்தது. பிறந்தவுடனே கங்காரு முறையில் வைத்த பிள்ளைகளில் சாவு 25 சதவீதம் குறைந்திருந்தது. இந்தியப் பிள்ளைகள் டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையில் பிறந்தவர்கள். அடுத்த ஆண்டு உலக சுகாதார நிறுவனம், குறைமாதப் பிள்ளைகளையும் எடை குறைந்த பிள்ளைகளையும் நாளுக்கு 8 மணியிலிருந்து 24 மணி நேரம் வரை, முடிந்த அளவு அதிகமாக இப்படி வைத்திருக்கச் சொன்னது.

எங்கள் பிரிவில் மலைக்கிராமத்திலிருந்து வந்த ஒரு தாய் இருந்தாள். பிள்ளை 1,450 கிராம். நான் கொடுத்த பையை இரண்டு நாள் போட்டுவிட்டு, மூன்றாம் நாள் மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். தன் நூல் புடவையைக் கிழித்துத் துண்டாக்கி மார்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். பிள்ளையின் காது வரை துணி; முகம் ஒரு பக்கம் திரும்பி, மூக்கு திறந்து; கால்கள் தவளை போல மடங்கி. நான் வகுப்பில் படித்ததை அவள் தன் கையால் சரியாகச் செய்திருந்தாள். அதன் பிறகு எல்லாத் தாய்மாருக்கும் அவள் கட்டிய கட்டையே சொல்லிக்கொடுத்தேன்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். மெத்தென்ற பருத்தித் துண்டு ஒன்று, ஒன்றரை மீட்டர் நீளம். பிள்ளைக்கு டயப்பர், தொப்பி, காலுறை மட்டும். உங்கள் ரவிக்கையைத் திறந்து இரண்டு மார்புக்கு நடுவில் தோலோடு தோலாக, நிமிர்த்தி வையுங்கள். துணியின் மேல் ஓரம் பிள்ளையின் காதுக்குக் கீழே வரட்டும். வயிற்றின் மேல் இறுக்காதீர்கள், மூச்சு அங்கேதான் ஏறி இறங்கும். மேலே முன்பக்கம் திறக்கும் சட்டையோ நைட்டியோ போட்டுக்கொள்ளலாம். உங்களால் முடியாத நேரத்தில் கணவரோ உங்கள் அம்மாவோ மார்பில் வைத்துக்கொள்ளலாம். இரண்டு மணிக்கு ஒரு முறை பால். பிள்ளை இரண்டரைக் கிலோவை எட்டும் வாக்கில் தானே நெளிந்து, கையை வெளியே நீட்டி, போதும் என்று காட்டிவிடும். ராப், ஸ்லிங் எல்லாம் அப்போது, மருத்துவரைக் கேட்டுக்கொண்டு. பாலுக்கு எழாமல் துவண்டாலோ, மூச்சு நின்று நின்று வந்தாலோ, உதடு நீலம் பூத்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள்.

இரண்டு மாதக் குழந்தையைக் கேரியரில் கட்டிக்கொண்டு ஸ்கூட்டரின் பின்னால் உட்காரலாமா? தடுப்பூசிக்கு மூன்று கிலோமீட்டர்தான் போக வேண்டும்.
– வாசகி, கோயம்புத்தூர்

கூடாது. மூன்று கிலோமீட்டருக்கும் கூடாது, முந்நூறு மீட்டருக்கும் கூடாது. வண்டி சரிந்தால் உங்கள் எடை முழுதும் பிள்ளையின் மேல் விழும். ஒவ்வொரு வேகத்தடையிலும் நிற்காத கழுத்து குலுங்கும். 2022இல் மத்திய அரசு வெளியிட்ட விதியின்படி, நான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையை இருசக்கர வண்டியில் ஏற்றினால் அதற்கென்று தனிப் பாதுகாப்புப் பட்டை வேண்டும். ஒன்பது மாதத்துக்கு மேல் தலைக்கவசம் வேண்டும். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. அந்தப் பட்டை வேறு, நீங்கள் சொல்லும் கேரியர் வேறு. பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்துப் போங்கள். பஸ்ஸில் கட்டிக்கொண்டு உட்காரலாம். ஒரு கை பிள்ளையின் தலைக்குப் பின்னால் இருக்கட்டும்.

சிசேரியன் ஆகி 18 நாள். வீட்டில் வேறு ஆள் இல்லை. பிள்ளையைக் கட்டிக்கொண்டு சமையல் செய்யலாம் என்று நினைக்கிறேன். எந்த வகை நல்லது?
– வாசகி, நாகர்கோவில்

பச்சை உடம்போடு தனியாக இருக்கிறீர்கள் என்பதைப் படிக்கவே கலக்கமாக இருக்கிறது. அடுப்பு எரியும்போது பிள்ளையைக் கட்டாதீர்கள். எண்ணெய் தெறிக்கும், குக்கர் ஆவி மேலே வரும், கடாயின் மேல் நீங்கள் குனியும்போது பிள்ளையும் சேர்ந்து குனியும். சோறு வடிக்கும் அந்த அரை மணி நேரம் சமையலறை வாசலுக்கு வெளியே, கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் தரையில் பாயும் மெத்தையும் விரித்து மல்லாக்கப் படுக்க வையுங்கள், அழுதாலும் பாதகமில்லை.

மற்ற நேரத்துக்கு, இடுப்புப் பட்டை உள்ள எந்தக் கேரியரும் இப்போது வேண்டாம்; பட்டை தையலின் மேலேயே உட்காரும். ராப்பையோ ரிங் ஸ்லிங்கையோ நெஞ்சு உயரத்தில் கட்டி, முடிச்சை வயிற்றில் போடாமல் முதுகுப் பக்கமோ விலா ஓரத்திலோ போடுங்கள். பத்து நிமிடத்தில் தொடங்குங்கள். தையல் இழுத்தாலோ, அடியில் கனம் இறங்குவது போல இருந்தாலோ, உதிரப்போக்கு கூடினாலோ அன்றைக்கு அவ்வளவுதான். ஆறாவது வாரம் மருத்துவரைப் பார்க்கும்போது தையலைக் காட்டிக் கேளுங்கள். தெருவில், உறவில், பக்கத்து வீட்டில் யாரிடமாவது இரண்டு வாரத்துக்கு ஒரு வேளைச் சாப்பாடாவது கேட்டு வாங்குங்கள். கேட்பதில் குறைவு எதுவும் இல்லை.

என் பேரனை மருமகள் நெஞ்சோடு துணியில் கட்டிக்கொண்டு திரிகிறாள். கால் இரண்டும் அகண்டு கிடக்கிறது. கவட்டைக்கால் ஆகிவிடாதா? முதுகும் கூனாக இருக்கிறது. நாங்கள் காலை நேராக நீட்டித் துணி சுற்றித்தானே பிள்ளை வளர்த்தோம்?
– வாசகி, கும்பகோணம்

சகோதரி, உங்கள் கவலை பேரன் மேல் உள்ள பிரியத்தால் வந்தது. மருமகளுக்கும் அது தெரியட்டும் என்றுதான் இதை வெளியிடுகிறேன்.

பிள்ளை கருப்பையில் மடங்கிக் கிடந்தது. முதுகு வில் போல வளைந்தே பிறக்கிறது. தலை நிற்கும்போது கழுத்தின் வளைவும், உட்கார்ந்து நிற்கும்போது இடுப்பின் வளைவும் வரும். இப்போது அந்த வில்லை நிமிர்த்த வேண்டிய தேவை இல்லை. காலும் அப்படியே. இடுப்பு மூட்டின் கிண்ணம் முதல் மாதங்களில் இளங்குருத்தெலும்பு. தொடை எலும்பின் உருண்டை அதற்குள் சரியாக உட்கார, முழங்கால் உயர்ந்து தொடை சற்று அகன்று இருப்பதுதான் நல்லது. காலை நீட்டி இறுகச் சுற்றினால் உருண்டை கிண்ணத்தை விட்டு விலகக்கூடும். ஜப்பானில் 1970களில், பிள்ளையின் காலை நீட்டிச் சுற்றாதீர்கள் என்று நாடு முழுக்கச் சொல்லிக்கொடுத்தார்கள்; இடுப்பு மூட்டு விலகல் அங்கே வெகுவாகக் குறைந்தது. சுற்றித்தான் பழக்கம் என்றால் தோளிலிருந்து இடுப்பு வரை சுற்றி, கால் பக்கம் தளர விடுங்கள்.

நீங்களே யோசித்துப் பாருங்கள்: ஏழு மாதப் பிள்ளையை இடுப்பில் வைத்துத் தண்ணீர்க் குடத்தோடு நடந்திருப்பீர்கள். அந்தப் பிள்ளையின் கால் உங்கள் இடுப்பின் இரு பக்கமும் எப்படி இருந்தது? மருமகள் கட்டுவதும் அதே நிலைதான். மிசோரத்துப் பெண்கள் இன்றும் பிள்ளையைத் துணியால் முதுகில் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போகிறார்கள். அங்கே பிள்ளைகள் மலை ஏறி வளர்கிறார்கள். ஒன்றரை வயது, இரண்டு வயது வரை கால் சற்று வளைந்திருப்பது எல்லாப் பிள்ளைக்கும் இயல்பு. அதற்குமேல் வளைவு நீடித்தால் விட்டமின் டி குறைவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதல் ஆண்டு முழுக்க மருத்துவர் சொல்லும் 400 யூனிட் சொட்டு மருந்தைத் தவறாமல் கொடுக்கிறார்களா என்று நீங்கள் பார்த்துக்கொண்டால் பேரனுக்குப் பெரிய உதவி. ஒன்று மட்டும் விசாரியுங்கள்: பேரன் கால் பக்கம் முன்னால் வந்து பிறந்தவனா, குடும்பத்தில் யாருக்காவது இடுப்பு மூட்டுக் கோளாறு உண்டா? இருந்தால் ஆறு வார வாக்கில் இடுப்புக்கு ஸ்கேன் எடுக்க மருத்துவரிடம் கேளுங்கள்.

முகத்தை வெளிப்பக்கம் பார்க்க வைத்துக் கட்டச் சொல்லி மருமகளை யாராவது தூண்டினால் மட்டும் தடுத்துவிடுங்கள். கழுத்து நன்றாக நிற்கும் வரை பிள்ளையின் முகம் தாயைப் பார்த்தே இருக்க வேண்டும். முதுகில் கட்டுவது, பிள்ளை தானாக உட்காரத் தொடங்கிய பிறகு.

நாத்தனார் தன் மகனுக்கு வாங்கிய ரிங் ஸ்லிங்கை எனக்குத் தருகிறார். ஐந்து வருடம் பழையது. வாங்கிக்கொள்ளலாமா?
– வாசகி, திருச்சி

வாங்கிக்கொள்ளுங்கள். வளையம் இரண்டிலும் விரலைச் சுற்றி ஓட்டிப் பாருங்கள். ஒட்டுப்போட்ட இணைப்போ சொரசொரப்போ விரிசலோ தட்டினால் வேண்டாம். திரைச்சீலை வளையத்தை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது எடை தாங்காது. தோள் பக்கத்துத் தையலில் ஒரு நூல் விட்டிருந்தாலும் தையல்காரரிடம் கொடுத்து மூன்று வரிசை தைத்து வாங்குங்கள். துணியைத் துவைத்து வெயிலில் காயப்போட்டு, ஐந்து கிலோ அரிசிப் பையை வைத்துக் கட்டி அரை மணி நேரம் வீட்டுக்குள் நடங்கள். வளையத்தில் துணி நழுவி இறங்காமல் நின்றால் பிள்ளையை வைக்கலாம். அந்த அரை மணி நேரம் நாத்தனாரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் இழுத்தால் இறுகும் என்பது கட்டிப் பழகிய கைக்குத்தான் தெரியும்.